கூட ஒண்ணு: மதுரைப் பக்கத்தில் இரட்டைப் படிப்பின் கதை

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்து, பொறியியல் கலந்தாய்வு முடிகிறவரை மதுரையில் டீக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் ஒரே பேச்சுதான். முன்பெல்லாம் “பையன் என்ன பிராஞ்சு எடுக்கிறான்?” என்று கேட்டு நிறுத்திக்கொள்வார்கள். இப்போது கேள்வி நீண்டுவிட்டது. “மெக்கானிக்கல் கிடைக்குதுங்க. கூட மைனர்ல ஏ.ஐ. போட்டுக்கிட்டா கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிரலாமா?” “ஈ.சி.ஈ. படிச்சுக்கிட்டே ஐ.ஐ.டி. ஆன்லைன் டிகிரியும் முடிச்சுரலாமாமே?” “டூயல் டிகிரின்னா சர்டிபிகேட் ரெண்டா, ஒண்ணா?”

கேட்பவர்களில் பலர், தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக் கட்டணம் கட்டப் போகிறவர்கள். மைனர், ஹானர்ஸ், டூயல் டிகிரி என்ற சொற்கள் பொறியியலுக்குள் வந்தது அண்மையில்தான். ஆனால் படிக்கிற படிப்போடு ‘கூட ஒண்ணு’ வைத்துக்கொள்ளும் ஆசை இந்த ஊருக்குப் பழையது. அதன் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. இரண்டு படிப்பைச் சேர்ப்பதற்கு மண்டையில் இடம் இருந்தால் மட்டும் போதாது. யாராவது அதற்கு நேரமும் காசும் கொடுத்தாக வேண்டும். அந்தச் சேர்க்கையை வேறு யாராவது செல்லும் என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும். எந்தக் காலத்தில் யார் கொடுத்தார்கள், யார் ஒப்புக்கொண்டார்கள் என்பதுதான் இந்தக் கதை.

பிரியாத காலம்

மேலூர்ப் பக்கம் வயல்களுக்குப் பெரியாற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்த பென்னிகுவிக், எந்த ‘பிராஞ்சு’ படித்தவர்? இன்றைய சிவில் மாணவர்கள் அவரைத் தங்கள் ஆள் என்பார்கள். அவர் படித்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில். பட்டாளத்துப் பொறியாளர். ‘சிவில்’ என்ற பெயரே ‘ராணுவம் சாராதது’ என்ற பொருளில் வந்ததுதான். 1895-ல் திறக்கப்பட்ட அந்த அணையில் நிலஅளவை இருக்கிறது, சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரையின் ரசாயனம் இருக்கிறது, மலையைக் குடைந்த சுரங்கம் இருக்கிறது, காட்டுக்குள் சாமான் ஏற்றிய இயந்திரங்கள் இருக்கின்றன. மேற்கே கடலுக்கு ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பி வைகையில் சேர்க்கும் வேலைக்குத் தனித்தனி நிபுணர்கள் கிடைக்காத காலம். ஒரே ஆள் எல்லாவற்றையும் அறிந்திருக்க வேண்டியிருந்தது. அணை முடிந்த மறுவருடமே அவர் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்குத் தலைவராகப் போனார். இந்தியப் பொதுப்பணித் துறைக்கு ஆள் தயாரித்த கல்லூரி அது.

சென்னையில் பிரிவு மெல்ல நடந்தது. 1794-ல் தொடங்கிய நிலஅளவைப் பள்ளி 1859-ல் பொறியியல் கல்லூரியானது. அதில் மெக்கானிக்கல் தனிப் படிப்பாக 1894-ல் வந்தது. எலெக்ட்ரிகல் அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான். பிரிந்த பிறகு கொஞ்ச காலத்திலேயே மறுபடி சேர்க்க வேண்டிய அவசியமும் வந்துவிட்டது. எலெக்ட்ரிகல் ‘அண்ட்’ எலெக்ட்ரானிக்ஸ், எலெக்ட்ரானிக்ஸ் ‘அண்ட்’ கம்யூனிகேஷன், கம்ப்யூட்டர் சயின்ஸ் ‘அண்ட்’ பிசினஸ் சிஸ்டம்ஸ் என்று நம் பிராஞ்சுகளின் பெயரிலேயே ஒரு ‘அண்ட்’ உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு ‘அண்ட்’டும் ஒரு காலத்து இரட்டைப் படிப்பு. கொஞ்ச நாளில் தழும்பு மறைந்து ஒற்றைப் பெயராகிவிடும். ஜப்பானில் யாஸ்காவா நிறுவனத்தின் பொறியாளர் 1969-ல் உருவாக்கிய ‘மெக்கட்ரானிக்ஸ்’ என்ற ஒட்டுச்சொல், இன்று திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் ஒரு முழு பி.ஈ. படிப்பின் பெயர்.

ஆன்சிலரி

கலைக் கல்லூரிகளில் கதை வேறு. அமெரிக்கன் கல்லூரியிலோ மதுரைக் கல்லூரியிலோ பி.எஸ்ஸி. படித்த பழைய ஆட்களிடம் ‘மைனர்’ என்றால் விழிப்பார்கள். ‘ஆன்சிலரி’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். “நான் ஃபிசிக்ஸ் மேஜர், மேத்ஸும் கெமிஸ்ட்ரியும் ஆன்சிலரி” என்று ஐம்பது வருஷம் கழித்தும் ஒப்பிப்பார்கள். முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதியில் மேஜரும் ஆன்சிலரியும். ஒரு பாடத்தை ஆழமாகவும் பக்கத்துப் பாடத்தை அளவாகவும் படிக்கும் ஏற்பாடு அங்கே பட்டத்துக்குள்ளேயே, பகல் நேரத்து டைம்டேபிளுக்குள்ளேயே இருந்தது. அதற்குத் தனிக் கட்டணமோ தனிச் சான்றிதழோ இல்லை.

பொறியியலும் அறிவியலும் வேண்டுமென்று நினைத்தவர்களுக்கு ஒரு நீண்ட வழி இருந்தது. 1949-ல் சி.ராஜம் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்.ஐ.டி., பி.எஸ்ஸி. முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு மூன்று வருடம் பொறியியல் சொல்லிக்கொடுத்தது. விமானம், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், கருவியியல் என்று அன்றைக்குப் புதியவையாக இருந்த துறைகள். முதலில் அறிவியல் அடித்தளம், மேலே பொறியியல் என்பது அந்தக் கல்லூரியின் கணக்கு. இன்றைய பேச்சில் சொன்னால், அடுத்தடுத்துப் படித்த இரட்டைப் பட்டம்.

அந்த வழியில் போன இருவரைத் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. இருவரும் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர்கள். ஒருவர் அப்துல் கலாம், எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல். இன்னொருவர் சுஜாதா என்ற ரங்கராஜன், எலெக்ட்ரானிக்ஸ். பின்னாளில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் இருந்தார். பி.எஸ்ஸி. முடித்த பிறகுதான் தன் துறை பொறியியல் என்று புரிந்ததாகக் கலாம் தன்வரலாற்றில் சொல்கிறார். அந்த இரண்டாவது படிப்பின் விலையையும் அவரே சொல்லியிருக்கிறார். சேர்க்கைக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். ராமேஸ்வரத்தில் அது இல்லை. அக்கா ஜோஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். இரட்டைப் படிப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பாடத்திட்டத்தோடு அடகுக் கடைச் சீட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஐந்து நான்கானது

மதுரைக்குப் பொறியியல் கல்லூரி 1957-ல் வந்தது. பஞ்சாலை அதிபரான கருமுத்து தியாகராசன் செட்டியார், தெப்பக்குளத்தில் கலைக் கல்லூரியை ஏற்படுத்திய எட்டு வருஷத்துக்குப் பிறகு திருப்பரங்குன்றத்தில் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். அப்போது பள்ளிப் படிப்பு, பிறகு பி.யூ.சி. ஒரு வருடம், அதன் பின் பி.ஈ. ஐந்து வருடம். முதலில் எல்லாருக்கும் பொதுவாகக் கணக்கு, இயற்பியல், வரைபடம், பட்டறை. பிறகுதான் பிராஞ்சு. எலெக்ட்ரிகல் போகப் போகிறவனும் ஃபிட்டிங்கில் அரம் பிடித்துக் கை காய்த்தவனாகத்தான் போனான்.

1978-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிளஸ் டூ வந்தது. முதல் அணி 1980-ல் கல்லூரிக்குள் நுழைந்தபோது பி.யூ.சி. மறைந்துவிட்டது, பி.ஈ. நான்கு வருடமாகிவிட்டது. மொத்த ஆண்டுக் கணக்கில் பெரிய இழப்பு இல்லை. ஆனால் கல்லூரிக்குள் இருந்த ஒரு வருடம் பள்ளிக்குப் போய்விட்டது. கல்லூரியில் அக்கம்பக்கம் பார்க்கக் கிடைத்த சாவகாசமும் அதோடு போனது. பிராஞ்சைத் தேர்ந்தெடுக்கும் வேலை பதினேழு வயதில், வாசலில் நிற்கும்போதே முடிந்தாக வேண்டும் என்றானது.

இதில் எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டு, 1978-ல் காமராசர் பெயரைப் பெற்றது. அதன் முதல் துணைவேந்தர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார். எம்.ஏ., பி.எல்., எம்.ஓ.எல். என்று சட்டமும் தமிழும் வரலாறும் கற்ற பன்மொழிப் புலவர். இரண்டு மூன்று துறைகளை ஒரே தலைக்குள் வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அவரே சாட்சி. அவருக்குக் கீழே கலைக் கல்லூரிகளும் இருந்தன, பொறியியல் கல்லூரிகளும் இருந்தன. எல்லாப் பட்டமும் ஒரே முத்திரையோடு வந்தது. எண்பதுகளின் கடைசியில் அதே பல்கலைக்கழகத்தின் கீழ் நான் எலெக்ட்ரிகல் படித்தேன். எங்கள் வகுப்பில் ஒருவனுக்குப் பொருளாதாரத்தில் பைத்தியம். கலைக் கல்லூரிக்குப் போய் ஒரு தாள் படித்து எழுதலாமா என்று ஆபீஸில் கேட்டான். “இங்கிட்டு உள்ளதையே ஒழுங்கா எழுது, அப்பறம் அங்கிட்டுப் போலாம்” என்று பதில் வந்தது. சொன்னவர் மேல் குற்றமில்லை, விதியில் அப்படி ஒரு வழியே இல்லை. நடுவே மதில் எதுவும் கிடையாது. டைம்டேபிள்தான் மதில்.

2001-ல் பொறியியல் கல்லூரிகளை மாநிலம் முழுக்க அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைத்தார்கள். அதோடு ஒரே குடையின் கீழ் இருந்த அந்த வாய்ப்பும் முடிந்தது. முப்பத்தைந்து வருஷம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் பேசிக்கொள்ளாத இரண்டு வீடுகள், கடைசியில் தெருவே மாறிப்போயின.

ராத்திரிப் படிப்பு

அதிகாரபூர்வ வழி இல்லாத இடத்தில் ஜனங்கள் தங்களுக்கென்று வழி வெட்டிக்கொண்டார்கள். மதுரையின் உண்மையான இரட்டைப் படிப்பு வரலாறு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் நடந்திருக்கிறது.

என் சித்தப்பா டிப்ளமோ முடித்து ஒரு மில்லில் மெயின்டனன்ஸில் இருந்தவர். ஷிஃப்ட் முடிந்து வந்து மொட்டை மாடியில் விளக்கைத் தொங்கவிட்டு ஏ.எம்.ஐ.இ.க்குப் படிப்பார். செக்‌ஷன் ஏ, செக்‌ஷன் பி என்று தாள்தாளாக எழுதி முடித்தால் அரசு வேலைக்கு அது பி.ஈ.க்குச் சமம். நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போது ஆரம்பித்தவர், நான் பிளஸ் டூ முடிப்பதற்குள் முடித்தார். எங்கள் வீட்டில் யாரும் அவரை ‘டபுள் டிகிரி’ என்று சொன்னதில்லை. “சித்தப்பா இன்னும் எழுதிக்கிட்டுத்தான் இருக்காரு” என்போம்.

1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. கட்டுக்கட்டாகப் பாடம் தபாலில் வரும். பேங்க் குமாஸ்தாவும் தொடக்கப்பள்ளி ஆசிரியரும் மில் மேஸ்திரியும் பி.ஏ., எம்.ஏ. முடித்தார்கள். பகலில் ஒரு தொழில், ராத்திரியில் ஒரு பட்டம். எங்கள் தலைமுறைக்கு வந்தபோது கம்ப்யூட்டர் சென்டர்கள் வந்தன. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்த மாடியில் குளிர்சாதனப் பெட்டி மாட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லி, கோபால், டிபேஸ், ஃபாக்ஸ்புரோ என்று சொல்லிக்கொடுத்தார்கள். என்.ஐ.ஐ.டி.யின் ஜி.என்.ஐ.ஐ.டி. கல்லூரிப் படிப்போடு சேர்த்தே படிப்பதற்கென்று வந்த மூன்று வருடப் படிப்பு. காலையில் பி.காம்., சாயங்காலம் கம்ப்யூட்டர். தொண்ணூறுகளில் இந்த ஊரிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் மென்பொருள் வேலைக்கு ரயிலேறியவர்களில் அப்படிப் போனவர்கள் கொஞ்ச நஞ்சமில்லை. அவர்களுடைய மேஜர் ஒன்று, சோறு போட்ட மைனர் வேறொன்று.

இந்த வழிகளுக்கு ஒரு பொதுக் குணம் இருந்தது. இரண்டாவது படிப்புக்கான நேரத்தைக் கல்லூரி கொடுக்கவில்லை, படிப்பவன் தன் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொடுத்தான்.

செல்லுமா?

படித்து முடித்தவனுக்கு அடுத்த கேள்வி, கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கேட்பது: “இது செல்லுமா?”

ஆசிரியர் வேலையில் இது பெரிய வழக்காகவே ஆனது. ஏற்கனவே ஒரு பட்டம் பெற்றவர்கள் ஒரே வருடத்தில் இன்னொரு பாடத்தில் பட்டம் பெறும் ஏற்பாட்டைச் சில பல்கலைக்கழகங்கள் நடத்தின. பதவி உயர்வு வந்தபோது, மூன்று வருடம் படித்த பட்டமும் ஒரு வருடம் படித்த பட்டமும் சமமா என்று சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள். தமிழ்நாட்டு ஆசிரியர்களிடையே ‘இரட்டைப் பட்டம் வழக்கு’ என்றால் விளக்கமே தேவையில்லை.

பொறியியலில் வேறு விதமான சிக்கல். அரசு வேலை விளம்பரம் ‘பி.ஈ. சிவில்’ என்று கேட்கும். கையில் இருக்கும் பட்டத்தின் பெயரில் ஒரு ‘அண்ட்’ கூடியிருந்தாலும் ‘இணையானது’ என்று அரசாணை காட்ட வேண்டும். எந்தப் பட்டம் எதற்கு இணை, எது இணையில்லை என்று அவ்வப்போது அரசாணைகள் வந்தபடியே இருக்கின்றன. புதுப் பெயரில் கவர்ச்சி இருக்கும் அளவுக்கு இந்த ஆபத்தும் இருக்கிறது.

ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் என்பதையும் பல்கலைக்கழக மானியக் குழு நெடுங்காலம் ஏற்கவில்லை. ஒரு பட்டத்தை நேரிலும் இன்னொன்றைத் தொலைநிலையிலும் படிக்க விடலாம் என்று 2012-ல் ஒரு குழு பரிந்துரைத்தது. தொழிற்கல்வி மன்றங்கள் ஒத்துக்கொள்ளாததால் 2016-ல் அது கைவிடப்பட்டது. 2022 ஏப்ரலில்தான், இரண்டையும் நேரிலேயே படிக்கலாம், வகுப்பு நேரம் மோதக்கூடாது என்ற நிபந்தனையோடு கதவு திறந்தது.

அதே பத்து வருஷத்தில் இன்னொரு கதவு சாத்தப்பட்டது. 2013 மே 31-க்குப் பிறகு ஏ.எம்.ஐ.இ.யில் பதிந்தவர்களுக்குப் பழைய சமநிலை கிடையாது என்று மத்திய அரசு முடிவெடுத்தது. டிப்ளமோக்காரர்கள் பி.ஈ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரும் வழி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது வேலையை விட்டுவிட்டு வரக்கூடியவனுக்கு. ஷிஃப்டு பார்த்துக்கொண்டே மொட்டை மாடியில் பொறியாளராகும் பாதை மூடிய காலத்தில்தான், பகலில் இரண்டு பட்டம் படிக்க வசதியுள்ளவனுக்குப் பாதை அகலமானது.

270 மணி நேரம்

இப்போது இன்றைய சொற்களுக்கு வருவோம். குழப்பம் அதிகம் என்பதால் எளிதாகச் சொல்லிவிடுகிறேன்.

மேஜர் என்பது உங்கள் பி.ஈ.யின் பிராஞ்சு. மைனர் என்பது வேறு துறையில் கூடுதலாகச் சில பாடங்கள். பட்டம் ஒன்றுதான், அதில் ‘இன்ன துறையில் மைனர்’ என்று ஒரு வரி சேரும். சொந்தத் துறையிலேயே கூடுதல் பாடம் படித்தால் ஹானர்ஸ். டூயல் டிகிரி என்பது ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் ஐந்து வருடத்தில் பி.டெக்.கும் எம்.டெக்.கும் சேர்த்துத் தருவது. சென்னை ஐ.ஐ.டி.யில் அந்த எம்.டெக். வேறு துறை சார்ந்ததாகவும் இருக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு தனித்தனிப் பட்டம் என்பது நான்காவது வகை. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் ஆன்லைனில் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பைத் தங்கள் பி.ஈ.யோடு சேர்த்துப் படிப்பவர்கள் இதில் சேர்வார்கள்.

2018-ல் ஏ.ஐ.சி.டி.இ. வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம், 220 வரை போயிருந்த பி.ஈ. கிரெடிட்டை 160-ஆகக் குறைத்தது. ஹானர்ஸோ மைனரோ வேண்டுமென்றால் மேலே 18 முதல் 20 கிரெடிட். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையும் 18 கிரெடிட்டில் இதைக் கொண்டுவந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 கிரெடிட் என்றால் மூன்று கிரெடிட் பாடங்கள் ஆறு. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 45 மணி வகுப்பு. ஆக 270 மணி நேரம். முழுப் பட்டத்தின் கிரெடிட்டில் ஒன்பதில் ஒரு பங்கு.

இது குறைவா, நிறைவா? ஒரு மெக்கானிக்கல் மாணவன் இந்த 270 மணியில் ஏ.ஐ. நிபுணனாக மாட்டான். பக்கத்து மேசைக்காரர் பேசும் பாஷை புரியும், அவரிடம் சரியான கேள்வி கேட்க முடியும். பழைய ஆன்சிலரி செய்ததும் அதுதான். அதற்கு மேல் அதிலிருந்து எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள்.

ஆனால் அந்தப் பாஷை எவ்வளவு பெறும் என்பதற்கு மதுரையிலேயே உதாரணம் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனை 1992-ல் ஆரோலேப் தொடங்கி, கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸை இங்கேயே செய்ய ஆரம்பித்தது. இறக்குமதி லென்ஸின் விலையில் சிறு பங்குக்கு அது கிடைத்ததால்தான், கண்புரை வந்த கிராமத்துக் கிழவிக்கும் லென்ஸ் வைக்க முடிந்தது. அரிசி மணி அளவுள்ள அந்தப் பொருளில் பிளாஸ்டிக்கின் குணம் அறிந்தவர், மிக நுண்ணிய கடைசல் தெரிந்தவர், ஒளியியல் தெரிந்தவர், கண்ணை அறுத்துப் பழகியவர் நான்கு பேரும் வேண்டும். நான்கையும் தனியாக அறிந்த ஒருவர் கிடைக்க மாட்டார். தன் வேலையில் ஆழமாக இருந்துகொண்டு, பக்கத்து ஆள் சொல்வதைக் காது கொடுத்துப் புரிந்துகொள்ளும் நாலு பேர் கிடைத்தால் போதும். மைனர் படிப்பின் உண்மையான பயன் அந்தக் காதுதான் என்று நினைக்கிறேன்.

கேட்க வேண்டிய கேள்வி

அந்த 270 மணி நேரம் எங்கிருந்து வருகிறது? கிரெடிட் குறைத்து மிச்சப்படுத்திய நேரத்தில் மைனர் வகுப்பை வைக்கிற கல்லூரி, பழைய ஆன்சிலரியின் வழியில் நிற்கிறது. நாலரை மணிக்கு மேலும் சனிக்கிழமையும் வைக்கிற கல்லூரி, எங்கள் சித்தப்பாவின் மொட்டை மாடியைத்தான் மாணவன் தலையில் வைக்கிறது. விடுதியில் இருப்பவனுக்கு நாலரை மணி வகுப்பு பொருட்டில்லை. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் கல்லூரிப் பேருந்தில் வந்து போகிற பெண்ணுக்கு அது இல்லாத வகுப்பு. பஸ் கிளம்பிவிடும். ஆன்லைனில் படித்துக்கொள்ளலாமே என்றால், தனி அறையும் நல்ல இணைப்பும் உள்ள வீட்டைக் கணக்கில் வைத்துச் சொல்லும் பதில் அது. காகிதத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கும் மைனர், நடப்பில் விடுதிக் கட்டணம் கட்டியவனுடைய மைனராகிவிடும்.

அதனால் என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது மூன்றே. முதலில் மேஜரைப் பாருங்கள். பையனோ பெண்ணோ மனசு வைத்துப் படிக்கக்கூடியதாக அது இருக்கட்டும். பிடிக்காத பிராஞ்சுக்குச் சர்க்கரை தடவ ஒரு மைனர் போதாது. இரண்டாவது, அரசு வேலைதான் குறி என்றால், பட்டத்தில் வரப்போகும் பெயரை அந்த வேலைக்கான விளம்பரத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது, கல்லூரிக்கு நேரில் போகும்போது லேப், பிளேஸ்மென்ட் எல்லாம் விசாரித்துவிட்டு இதையும் விடாமல் கேளுங்கள்: “சார், அந்த மைனர் கிளாஸ் எத்தனை மணிக்கு? அது முடிஞ்சப்புறம் எங்க ஊருக்கு பஸ் இருக்கா?”